ஒன்பதாவது எச்சரிக்கை

முழங்காலில் இடிக்கிறதா, ஐயா? இடித்தால் சொல்லுங்கள், சற்றே நகர்த்திக்கொள்கிறேன். மேலே பலகையில் வைக்கச் சொல்லி நடத்துநர் வற்புறுத்தினார். பிரேக் போட்டால் விழும். விழுந்தால் உள்ளே இருக்கும் வட்டு உடைந்துவிடும் என்று கணினி பழுதுபார்க்கும் செண்பகவல்லி சொல்லியிருக்கிறாள். ஆகவே மடியில் வைத்திருக்கிறேன். "என்ன பெருசு, டிவியா?" என்றார் நடத்துநர். தொலைக்காட்சி அன்று, கணினியின் மையப் பெட்டி என்றேன். "சிபியுனு சொல்லிட்டுப் போங்களேன், அதுக்கு எதுக்கு இவ்வளவு நீளம்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். பாதகமில்லை.

சுற்றியிருப்பது என் மனைவியின் போர்வை. அவளே சுற்றி, மூலைக்கு மூலை முடிச்சிட்டுக் கொடுத்தாள். கொடுத்தாளே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. பதினொரு நாளாக அவள் என்னிடம் பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், வெந்நீர் வைக்கிறாள், பேசுவதில்லை. மதுரையில் இதை இன்று சரிசெய்துவிட்டால் அவள் தன் மகளுடன் பேசலாம். சரியாகாவிட்டால் பேச வழியில்லை. மகள் புனேயில் இருக்கிறாள். அவளுக்கு இது நிறைமாதம். பிள்ளை பிறந்துவிட்டதா, இனித்தான் பிறக்க வேண்டுமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு என்று பன்மையில் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாது என்று சொல்வதே பொருந்தும். நான் தெரிந்துகொள்ள முயன்றவன் அல்லன்.

என் பெயர் வெயிலுமுத்து. அருப்புக்கோட்டையில் முப்பத்து நான்கு ஆண்டு தமிழாசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டு ஆகிறது. நான் பேசுவது உங்களுக்கு மேடைப்பேச்சுப் போலத் தோன்றலாம். வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன். வெண்டைக்காய் வாங்கும்போதும் இப்படித்தான். கடைக்கார அம்மாள் என்னைக் கண்டதும், "ஏய், ரேடியோ வந்துருச்சு, ஒழுங்கா எடை போடு" என்று கணவரிடம் சொல்வார். எனக்கு வருத்தமில்லை. ஒழுங்காக எடை போட்டால் போதும்.

கணினி வாங்கியது வினாத்தாள் தட்டச்சுச் செய்வதற்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் ஒரு பயிற்சி ஏடு தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறேன். மற்றபடி அதை நான் தொடுவதில்லை. காலை பத்து முதல் பதினொன்று வரை நூலகம். மழை பெய்தாலும் நூலகம். அந்த ஒரு மணி நேரம் காந்திமதி, அதாவது என் மனைவி, கணினி முன் உட்காருவாள். சமையல் குறிப்புப் பார்க்கிறேன் என்பாள். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். ஒன்றரை ஆண்டாகச் சமையல் குறிப்புப் பார்த்தவள் இலையில் புதிதாக வைத்தது ஒரே ஒரு பண்டம். அவலை நனைத்து, நிலக்கடலை போட்டு, எலுமிச்சை பிழிந்து, மஞ்சள் நிறத்தில் ஓர் உப்புமா. நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அது புனேயில் காலைச் சிற்றுண்டியாம். இப்போதுதான் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன் ஓய்வூதியர் சங்கக் கூட்டம். வங்கியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பேசினார். உங்கள் கணினிக்குள் உங்களுக்குத் தெரியாமல் ஒரு நிரல் குடியிருக்கலாம். அது நீங்கள் எழுதுவதைப் படிக்கும், பேசுவதைக் கேட்கும், கேமரா வழியாக உங்கள் வீட்டையே பார்க்கும் என்றார். ஸ்பைவேர் என்று அதற்குப் பெயர். உளவு நிரல் என்று நான் எழுந்து மொழிபெயர்த்துச் சொன்னேன். கைதட்டினார்கள். அதைக் கண்டுபிடிக்க இலவசமாகவே ஒரு சோதனை நிரல் இருக்கிறது, தமிழிலேயே அறிக்கை தரும் என்று சொல்லி, இறக்கிக்கொள்ளும் முறையை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை நூலகத்துக்குப் போகாமல் சோதனையைத் தொடங்கினேன். நாற்பது நிமிடம் ஓடியது. முடிவில் அறிக்கை வந்தது. உளவு நிரல்: எதுவுமில்லை. பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கைகள்: பதினேழு.

பதினேழு, ஐயா! நம் வகுப்பில் முதல் மாணவன் என்று நினைத்திருந்தவனின் விடைத்தாளில் பதினேழு பிழை என்றால் எப்படி இருக்கும்?

ஒவ்வொரு எச்சரிக்கையும் மூன்று வரி. முதல் வரியில் எந்த அமைப்பு என்று இருக்கும். இரண்டாம் வரி பதினேழிலும் ஒன்றே: இந்த அமைப்பு மாற்றப்பட்டுள்ளது, மாற்றியவர் நீங்களா? மூன்றாம் வரியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று, சரிசெய்க. மற்றது, புறக்கணி. அறிக்கையில் ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தன. அவற்றை முதலில் திருத்தினேன். அச்செடுத்துச் சிவப்பு மையால் திருத்தினேன். அதற்கே அன்றைய காலை போய்விட்டது.

காந்திமதி இருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். "நூலகத்துக்குப் போகலையாங்க?" என்றாள். இல்லை, வேலை இருக்கிறது என்றேன். "மணி பத்தாகப் போகுதே" என்றாள். தெரியும் என்றேன். சற்று நேரங்கழித்துக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்த நேரத்தில் எனக்குக் காப்பி வழக்கமில்லை. வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்மேல் அக்கறை என்று நினைத்தேன். திரை மூலையில் ஏதோ பச்சையாகத் துள்ளியது; விளம்பரம் என்று மூடிவிட்டேன்.

பிறகு எச்சரிக்கைகளைப் படித்தேன். உலாவியை மூடியதும் பார்த்தவையெல்லாம் அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டுள்ளது. அறிவிப்புகள் ஓசை எழுப்பாதபடி அமைக்கப்பட்டுள்ளது. ஒலிவாங்கிக்கு அனுமதி தரப்பட்டுள்ளது. ஒன்பதாவது: ஒரு நிரல் கேமராவைப் பயன்படுத்துகிறது; வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கிறது; கணினி திறந்தவுடன் தானே தொடங்குகிறது. வங்கி அதிகாரி சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் அதில் இருந்தது. மாற்றியவர் நீங்களா என்ற கேள்வியைப் பதினேழு முறையும் படித்தேன். குறிப்பேட்டில் பதினேழு முறையும் "இல்லை" என்று விடை எழுதினேன். கணினி என்னுடையது. நான் மாற்றவில்லை. ஆகவே குற்றம். இதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

ஒன்பதாவதில் மாற்றிய தேதியும் இருந்தது. நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு தை மாதம், நான் விருதுநகரில் ஒரு நண்பர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்த நாள். அப்படியென்றால் நான் இல்லாத வேளையில் யாரோ வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். காந்திமதியைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

அன்று வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

"பால்காரர் வந்தாரு."

வேறு யார்?

"கேஸ் சிலிண்டர் வந்துச்சு."

அவர் உள்ளே வந்தாரா?

"சிலிண்டரை வாசல்லயா வச்சிட்டுப் போவாரு? உள்ளதான் வந்தாரு. கம்ப்யூட்டரைத் தொடலைங்க. என்னையும் தொடலை. போதுமா?"

நான் வினவியது முறையான விசாரணை, ஐயா. அவளுக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்று அன்று விளங்கவில்லை. அன்று மாலையே வாசல் கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கி மாட்டினேன்.

எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் சரிசெய்ய ஒரு பொத்தான் இருந்தது. நான் அதை அழுத்தவில்லை. அது சோம்பேறிகளுக்கு. ஒவ்வொன்றாகப் படித்து, எண்ணிட்டு, சரிசெய்து, சிவப்பு மையால் குறியிட்டேன். புறக்கணி என்பதை ஓரிடத்திலும் அழுத்தவில்லை. பிழையைக் கண்டும் காணாமல் போவது என் வழக்கமன்று. மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் காலை பத்து மணிக்கு அவள் வந்து நூலகத்தைப் பற்றிக் கேட்டாள். மூன்றாம் நாள், "ஒரு அரை மணி நேரம் காலாற நடந்துட்டு வாங்களேன், ஒரே இடத்துல உக்காந்தா சர்க்கரை ஏறிடும்" என்றாள். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை.

ஒன்பதாவது நிரலை அகற்றியபோது, தனிமைப்படுத்தி வைக்கவா, நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. நிரந்தரமாக என்றேன். அதன் தடயங்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. அழி என்றேன். மீட்டெடுக்க முடியாது, உறுதியாகவா என்று கேட்டது. உறுதியாக என்றேன். இப்போது நினைத்தால் அந்த நிரல் என்னிடம் எவ்வளவு கெஞ்சியிருக்கிறது என்று தோன்றுகிறது. மூன்று முறை கேட்டிருக்கிறது. மனிதர்கள்கூட என்னிடம் மூன்று முறை கேட்பதில்லை.

முடிந்ததும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. எச்சரிக்கைகள்: எதுவுமில்லை. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது. எனக்கு ஏற்பட்ட நிறைவை எப்படிச் சொல்வேன்! காந்திமதியைக் கூப்பிட்டேன். பதினேழு இருந்தது, இப்போது ஒன்றுமில்லை பார் என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "அந்த நீலப் பெட்டி எங்கேங்க? மூலையில இருக்குமே?" என்றாள்.

எந்த நீலப் பெட்டி? ஓ, அதுவா. அது ஒன்பதாவது. கேமரா வழியாக நம் வீட்டை யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அடியோடு அழித்துவிட்டேன் என்றேன்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். என் குறிப்பேட்டை எடுத்தாள். ஒன்பதாம் எண்ணில் விரலை வைத்தாள். "இது நம்ம நப்பின்னைங்க" என்றாள்.

ஆறு ஆண்டாக அந்தப் பெயரை என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயரை வைத்தவன் நான். தேடி வைத்தேன். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது எந்த ஆசிரியரும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும் என்று வைத்தேன். சொல்லக்கூடாது என்று நான் யாருக்கும் தடை விதித்ததில்லை. நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவளும் சொல்லாமல் இருந்ததை ஒத்துப்போவதாக எடுத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புனேக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் எழுதினாள். சாதி, மொழி, அதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. நம்புங்கள். என்னைக் கேட்கவில்லை, தெரிவித்தாள். கேட்பதற்கும் தெரிவிப்பதற்கும் வேறுபாடு இல்லையா? நான்கு பக்கக் கடிதம். தமிழாசிரியர் மகள் எழுதிய கடிதத்தில் பதினான்கு பிழை. திருத்தி அனுப்பினேன். ஆமாம், திருத்தித் திருப்பி அனுப்பினேன். கடுமையாக ஒரு சொல் எழுதவில்லை. அடியில் கையொப்பமும் தேதியும் மட்டும் இட்டேன். அதற்கு ஒரு பெண் அவ்வளவு அழுவாளா? தொலைபேசியில் அழுதாள். "அப்பா, அதுல நான் என்ன எழுதியிருந்தேன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டாள். எனக்குப் பிழைகள் நினைவிருந்தன. சொன்னேன்.

அத்துடன் பேச்சு நின்றது.

எங்கே விட்டேன்? ஒன்பதாவது. பிறகுதான் காந்திமதி சொன்னாள், துண்டு துண்டாக. நான் விருதுநகர் போன அன்று நப்பின்னையின் கல்லூரித் தோழி ஒருத்தி வந்தாளாம். மதுரையில் மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருந்தவள். இப்போது வெளிநாட்டுக்குப் போய்விட்டாளாம். அவள்தான் நீலப் பெட்டியை அமைத்துக் கொடுத்திருக்கிறாள். ஓசை வராமல் செய்ததும், பார்த்த தடம் அழியும்படி செய்ததும் அவளே. கடவுச்சொல் புனேயில் இருக்கிறது. இவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பத்து மணிக்குப் பச்சைப் பொத்தான் துள்ளும், அதை அழுத்த வேண்டும், மகள் முகம் தெரியும். ஒன்றரை ஆண்டு. நான் நாளிதழில் தலையங்கம் படித்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் இவர்கள் இருவரும் பேசியிருக்கிறார்கள். வாந்தியெடுத்தது, ஸ்கேன் எடுத்தது, பிள்ளை உதைத்தது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில். திருமணமாகிப் பல ஆண்டு கழித்து, பல சிகிச்சைக்குப் பிறகு உண்டான பிள்ளை.

எண்ணை ஏன் எழுதி வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன்.

"எதுல எழுதி வைக்க? இந்த வீட்ல எழுதுன தாள் எது உங்க கண்ணுல படாம இருக்கு? மளிகைச் சீட்டைக்கூடத் திருத்தித்தானே கடைக்கு அனுப்புறீங்க?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

உண்மைதான். உளுந்தம்பருப்பு என்பதை உளுத்தம்பருப்பு என்று திருத்தினேன். அது ஒரு குற்றமா?

மறுநாள் முதல் நானாகவே பத்து மணிக்கு நூலகம் போய்விட்டேன். பதினொரு மணிக்குத் திரும்பும்போது அவள் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒன்றுமில்லை. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது என்ற அந்தப் பச்சைக் குறி மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. நாள்தோறும் அப்படியே. நான் என்ன செய்ய முடியும்?

செண்பகவல்லியிடம் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். என்னிடம் படித்தவள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்தாள். இரண்டாவது ஆண்டுக்கு நானே பொறுப்பு. அதை அவள் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினாள். சிரித்துவிட்டாள்.

"ஐயா, பதினேழுக்கும் முட்டை போட்டுட்டீங்களே" என்றாள். "இது தப்புனு எங்கய்யா சொல்லுது? மாறியிருக்குனு சொல்லுது. அவ்வளவுதான். மாத்துனது வீட்டு ஆளா, திருட்டுப்பயலானு இதுக்குத் தெரியாது. அதனாலதான் உங்களைக் கேக்குது. நீங்கதான் சொல்லணும்."

நான் மாற்றவில்லை என்று சொன்னேனே என்றேன்.

"நீங்க மாத்தலை சரி. வீட்ல இன்னொருத்தங்க இருக்காங்கல்ல? அவங்களைக் கேட்டீங்களா?"

கேட்டேன், யார் வந்தார்கள் என்று கேட்டேன் என்றேன்.

"யாரு வந்தானு கேட்டீங்க. நீ மாத்துனியானு கேக்கலை."

ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் ஒன்றை மாற்றுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டில் அவள் வீட்டில் ஒரு நாற்காலியை இடம் மாற்றிப் போட்டதில்லை. அல்லது போட்டிருப்பாள்; நான் பார்த்துத் திரும்பப் போட்டிருப்பேன். சரியாக நினைவில்லை.

இந்த எச்சரிக்கைகளில் பாதி, கணினி வாங்கிய நாளிலிருந்தே இருக்குமாம். கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாமாம். புறக்கணி என்ற பொத்தான் அதற்குத்தான் இருக்கிறதாம். "எல்லாத்தையும் திருத்துறதுக்கு இது பரீட்சைத்தாள் இல்லைங்கய்யா, வீடு" என்றாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு கட்டுரை முழுதாக எழுதாத பெண். நான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீலப் பெட்டியை மறுபடி போட்டுத் தர ஐந்து நிமிடம் போதும் என்றாள். ஆனால் பழைய கணக்கின் கடவுச்சொல் வேண்டும். இல்லாவிட்டால் மகளின் எண் வேண்டும். "பொண்ணு நம்பரைக் குடுங்கய்யா, நானே பேசி வாங்கிக்கிறேன். ஒரு போன்ல முடிஞ்சிரும்" என்றாள்.

எண் இல்லை என்றேன்.

அப்படியானால் அழித்ததை வட்டிலிருந்து தோண்டி எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், அதற்கான கருவி தன்னிடம் இல்லை, மதுரையில் ஒரு பெரிய கடை இருக்கிறது, எடுத்துப் போய்ப் பாருங்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அதனால்தான் இந்தப் பயணம். காரியாபட்டி தாண்டிவிட்டோமா? நல்லது.

என்ன கேட்டீர்கள்? காதில் விழவில்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

ஆம். என்னிடம் கைப்பேசி இருக்கிறது. அவளிடம் இல்லை. இரண்டு பேருக்கு ஒன்று போதாதா? இதோ, சட்டைப் பையில். என் எண் மாறவில்லை. பதினைந்து ஆண்டாக அதே எண்.

மகளுக்கு அது தெரியும். தெரியாமல் என்ன?

அழைக்கமாட்டாள். அதாவது, அழைத்தாலும் வராது. அது ஒரு சின்ன ஏற்பாடு. அவள் அழுத அன்றைக்கு மறுநாள், பூட்டுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பேசிக் கடையில் சொல்லித் தடுத்து வைத்தேன். பயிற்சி ஏடு எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் கவனம் சிதறுகிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன். ஒரு நிமிட வேலை. காந்திமதிக்குச் சொல்லவில்லை. மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

அதுவும் ஓர் அமைப்புத்தானே என்கிறீர்கள். இல்லை, ஐயா. அது வேறு. அதை மாற்றியவன் நானே. எனக்குத் தெரிந்தே செய்தது. தெரியாமல் செய்ததற்குத்தான் எச்சரிக்கை.

செண்பகவல்லியிடம் எண் இல்லை என்று சொன்னது பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. பெயரிட்ட எண் என்னிடம் இல்லை. பெயரை அழித்துவிட்டேன். தடுக்கப்பட்டவை என்ற பட்டியலில் வெறும் எண்ணாகக் கிடக்கிறது. முன்னாள் மாணவியிடம் அந்தப் பட்டியலை எப்படித் திறந்து காட்டுவேன்? ஆசிரியராக இருந்தவன். நீங்கள் என்னை அறியாதவர். வலையங்குளத்தில் இறங்கிவிடுவேன் என்றீர்கள். அதனால் சொல்கிறேன்.

நேற்று முழுவதும் இந்தப் பெட்டியை எப்படி எடுத்துப் போவது என்று யோசித்தேன். போர்வையா, கோணிப்பையா, எந்தப் பேருந்தில் கூட்டம் குறைவு என்றெல்லாம் யோசித்தேன். சட்டைப் பையைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதும் முழு உண்மையன்று. கை போனது, திரும்பி வந்துவிட்டது. எண்ணை எடுத்துக் காந்திமதியிடம் கொடுத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பாள்.

இந்தாருங்கள். எனக்கு அந்தப் பட்டியலுக்குப் போகும் வழி தெரியாது. நீங்கள் எடுத்துக் காட்டுங்கள். எதையும் அழுத்திவிட வேண்டாம். இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இருக்கிறதா? ஒரே எண்தானே? அதுதான். கடைசியில் நாற்பத்தேழு.

கீழே என்ன அது, சிவப்பில்? என் கண்ணாடி உள்பையில் இருக்கிறது. மடியில் இதை வைத்துக்கொண்டு எடுக்க முடியாது. நீங்களே படியுங்கள்.

தடுக்கப்பட்ட அழைப்புகளா? அதையும் எழுதி வைக்குமா இது? எனக்கு ஓர் ஓசையும் வரவில்லையே. எத்தனை? மறுபடி சொல்லுங்கள்.

முப்பத்தொன்று.

தேதி போட்டிருக்கிறதா? முதலாவது எப்போது? இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி. நான் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்த அன்று, காலை. கடைசி? இன்று. மணி பத்து ஐந்து. அப்போது நான் அருப்புக்கோட்டை நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். இது என் பையில்தான் இருந்தது.

வேண்டாம், தொடாதீர்கள். என்ன கேட்கிறது அது? கேட்பதை அப்படியே படியுங்கள். இந்த எண்ணின் தடையை நீக்கவா. ஆம், இல்லை. இரண்டு பொத்தான். யாரைக் கேட்கிறது? என்னையா? இங்கே வேறு யார் இருக்கிறார்கள்.

கொடுங்கள். பேருந்து ஆடுகிறது. எது ஆம்? வலப்பக்கமா?

அழுத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லையே? அவ்வளவுதானா? உறுதியாகவா என்று மறுபடி கேட்கவில்லையே.

இல்லை, ஐயா, இப்போதே பேச வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் கொடுத்து... அது முறை. அவள் பேசட்டும். நான் அழைத்தால் என்ன சொல்வது? எப்படித் தொடங்குவது? கடிதமென்றால் விளி எழுதித் தொடங்கலாம். ஐயா, கைப்பேசியைப் பிடுங்கி என்ன செய்கிறீர்கள், வேண்டாம் என்றேனே! அழைக்கிறதா? காதில் வைக்காதீர்கள். இங்கே... நானே வைத்துக்கொள்கிறேன். இந்தப் பெட்டியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள், நழுவுகிறது.

மணி போகிறது.

எடுத்துவிட்டாள். "அம்மா" என்கிறாள். என் எண்ணைப் பார்த்தும் அம்மா என்கிறாள். "அம்மா, எங்கம்மா போயிட்ட, பேசும்மா" என்கிறாள். நான் என்ன சொல்ல?

பின்னால் ஏதோ அழுகைச் சத்தம், ஐயா. குழந்தையா, அவளா, தெரியவில்லை. பேருந்து இரைகிறது. நீங்கள் கேட்டுச் சொல்லுங்களேன்.